தகரக் கூரைக்குக் கீழே ஒரு பட்டறை: காட்பாடி கார் ஷெட்டின் கோடைக் கணக்கு

காட்பாடியில் என் சித்தப்பா வீட்டுக் கார் ஷெட்டில் கார் நின்று பல வருடம் ஆகிறது. பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அந்த ஷெட்டில் ஒரு மர வேலை மேசை, சின்ன வட்ட ரம்பம், டிரில் பிரஸ், ஒரு கம்பிரசர், சுவர் முழுக்க ஸ்பேனர். பேரன்களுக்கு முக்காலி செய்வார். தெருக்காரர்களின் மொபெட்டைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்காருவார். மார்ச் பிறந்துவிட்டால் பதினோரு மணிக்கு மேல் உள்ளே நிற்க முடியாது. கத்திரி தொடங்கும் மே 4-க்குப் பிறகு ஒன்பது மணிக்கே ஷட்டரை இழுத்துவிட்டு வந்துவிடுவார்.

மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று வேலூரைச் சொல்லும் பழைய கேலி இந்த விஷயத்தில் வெறும் கேலி இல்லை. சுற்றியிருக்கும் மொட்டைப் பாறை பகலெல்லாம் குடித்த சூட்டை இரவில்தான் விடுகிறது. கடற்காற்று சென்னையோடு நின்றுவிடும். மத்தியானம் நிழலிலேயே 40 டிகிரி என்பது மே மாதத்தில் செய்தியே இல்லை.

இந்தக் கட்டுரை அந்த ஒரு ஷெட்டைப் பற்றியது. ஆனால் வீட்டை ஒட்டித் தகரமோ சிமென்ட் ஷீட்டோ போட்ட சாய்ப்பு எங்கே இருந்தாலும் கணக்கு ஏறக்குறைய இதேதான்.

ஷெட்டின் ஜாதகம்

கிழக்கு மேற்காக 18 அடி நீளம், 10 அடி அகலம். வடக்குப் பக்கம் வீட்டுச் சுவர். கூரை அங்கிருந்து தெற்கே சரிகிறது. வீட்டோரம் 10 அடி உயரம், தெற்கோரம் 8 அடி. மேலே பழைய ஜி.ஐ. ஷீட் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகரம்), துருவேறி மங்கிப்போனது. மேற்கில் ரோலிங் ஷட்டர். தெற்கே ஒற்றைக்கல் சுவர், அதற்கும் காம்பவுண்டுக்கும் நடுவே ஆள் நடக்கும் சந்து. கிழக்குச் சுவரில் உயரத்தில் ஒரு சின்ன ஜாலி, அதையும் எலிக்குப் பயந்து அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். கூரை வீட்டுச் சுவரைத் தொடும் இடத்தில் மழை ஒழுகாமல் இருக்க சிமென்ட் வைத்துப் பூசியிருந்தது. அதாவது, சூடான காற்று மேலே ஏறிச் சேரும் மிக உயரமான மூலையில் வெளியேற ஒரு ஓட்டைகூட இல்லை.

சித்தப்பா மகன் பெங்களூரிலிருந்து வந்தபோது சொன்ன தீர்வு ஒரே வரி: "ஏசி போட்டா போச்சுப்பா." சித்தப்பாவின் பதிலும் ஒரே வரி: "தகரத்துக்கு ஏசி போட்டா தெருவுக்குத்தான்டா போடறோம்."

அவர் உள்ளுணர்வில் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மே மாத உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் கூரையில் 950 வாட் அளவுக்கு இறங்கும். துருவேறிய ஷீட் அதில் முக்கால் பங்குக்கு மேல் விழுங்கிவிடும். வெளிக்காற்று 40 டிகிரி என்றால், அந்தக் கூரை 70 டிகிரிக் காற்று சூழ்ந்ததைப் போல நடந்துகொள்ளும். ஷெட்டின் கூரை 17 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே 28 டிகிரி வேண்டும் என்று ஏசியை வைத்தால், கூரை வழியாக மட்டும் இறங்கும் சூடு நான்கு கிலோவாட்டைத் தொடும். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடியது மூன்றரை கிலோவாட். ஆக, ஒரு டன்னுக்கும் மேலான ஏசி கூரையோடு மல்லுக்கட்டவே போய்விடும். ஷட்டர், சுவர், மோட்டார், ஆள் எல்லாவற்றுக்கும் இனிமேல்தான். ஒன்றரை டன் இயந்திரம் ஒன்று ஒன்றரை கிலோவாட் இழுத்து, தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 450 யூனிட். வீட்டுப் பயன்பாட்டையும் சேர்த்தால் 500-ஐத் தாண்டி, கட்டண அடுக்கே மாறிவிடும். மரத்தூள் ஃபில்டரில் அடைப்பது தனிக் கதை.

எது சுடுகிறது?

சூடு என்றதும் எல்லோரும் காற்றைத்தான் நினைக்கிறார்கள். தெர்மாமீட்டரை மேசை மேல் வைத்துப் பார்க்கிறார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த மேசை உயரத்தில் காற்று 43 டிகிரி இருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் 40. வித்தியாசம் மூன்று டிகிரிதான். ஆனால் மரத்தடியில் கட்டில் போட்டுப் படுக்கலாம், ஷெட்டில் ஐந்து நிமிடம் நிற்க முடியாது. மூன்று டிகிரியா இந்த வேலையைச் செய்கிறது?

இல்லை. தலைக்கு மேலே இருக்கும் ஷீட்டின் அடிப்பக்கம் 64 டிகிரி. அதற்கும் நம் தோலுக்கும் உள்ள வித்தியாசத்தில், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 வாட் கதிர்வீச்சாகக் கீழே கொட்டுகிறது. காற்றைச் சூடாக்காமல் நேராக உச்சந்தலையிலும் தோளிலும் வந்து இறங்குகிற சூடு இது. ஃபேன் போட்டு இதைத் தள்ள முடியாது. மரத்தடியில் இது இல்லை, ஏனென்றால் இலை தன் நீரை ஆவியாக்கிக் காற்றின் சூட்டிலேயே நின்றுவிடுகிறது.

ஆகவே இலக்கை இப்படி வைத்துக்கொண்டோம்: ஷெட்டை அந்த வேப்பமர நிழல் அளவுக்குக் கொண்டுவருவது. அதற்குக் கீழே இறக்க வேண்டுமென்றால் தண்ணீரோ மின்சாரமோ செலவாகும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வெளியே 40 இருக்கும்போது எத்தனை ஜன்னல் வைத்தாலும் உள்ளே 36 ஆகாது. காற்றோட்டத்தால் எதையும் சாதிக்கலாம் என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அளப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. துப்பாக்கி மாதிரி நீட்டி அளக்கும் அகச்சிவப்பு தெர்மாமீட்டர் இப்போது எலக்ட்ரிக்கல் கடைகளிலேயே கிடைக்கிறது. மங்கிய, துருவேறிய பரப்பில் சரியாகக் காட்டும். பளபளக்கும் புது ஷீட்டிலோ அலுமினியத் தாளிலோ காட்டினால் எதிரே இருக்கும் பொருளின் சூட்டைத்தான் காட்டும், கண்ணாடியில் முகம் தெரிவதுபோல. அங்கே ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, கொஞ்சம் பொறுத்து, டேப்பின் மேல் அளக்க வேண்டும்.

கூரை

முதல் யோசனை கூரைக்கு ஓர் அடி மேலே சவுக்குக் கம்பு நட்டு, 75 சதவீத நிழல்வலை கட்டுவது. நல்ல யோசனைதான், வெயில் கூரையைத் தொடுவதற்கு முன்பே முக்கால் பங்கு தடுக்கப்படும், நடுவே காற்றும் ஓடும். குரங்குகளை நினைத்துக் கைவிட்டோம். மலையடிவாரத் தெருக்களில் வலை கட்டினால் அது ஒரு வாரத்தில் ஊஞ்சலாகிவிடும். தென்னங்கீற்று வேய்வது இன்னும் குளிர்ச்சி, ஆனால் கிரைண்டர் பொறி பறக்கும் இடத்தின் மேல் கீற்று என்பது விளையாட்டில்லை.

எனவே வெள்ளைப் பூச்சு. சுண்ணாம்பு சிமென்ட் தளத்துக்குச் சரி, தகரத்தில் நிற்காது, உரிந்து பொடியாகும். துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, அதன் மேல் வெயிலைத் திருப்பும் வெள்ளைக் கூரைப் பெயின்ட் இரண்டு கை. "புது ஷீட் போட்டா பளபளன்னு இருக்குமே, அது போதாதா" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். போதாது. புது ஜி.ஐ. ஷீட் வெளிச்சத்தை ஓரளவு திருப்பும், ஆனால் தான் வாங்கிக்கொண்ட சூட்டை வானத்துக்குத் திருப்பி வீசத் தெரியாது. வெள்ளைப் பெயின்ட் இரண்டையும் செய்யும். தொட்டுப் பார்த்தால் புதுத் தகரம் சுடுவதும் வெள்ளையடித்தது அவ்வளவு சுடாததும் இதனால்தான்.

சிமென்ட் ஷீட் கூரை வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய ஷீட்டுகளில் கல்நார் இருக்கும். காய்ந்த நிலையில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பது, துளையிடுவது, வெட்டுவது எதுவும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். தண்ணீர் விட்டு நனைத்து, மெதுவாகத் துணியால் கழுவிவிட்டுப் பூச வேண்டும். அந்தக் கூரை மேல் ஏறி நிற்பதும் ஆபத்து, ஷீட் உடைந்து ஆள் உள்ளே விழுவான்.

பூச்சு காய்ந்த பிறகு அதே மாதிரி ஒரு மத்தியானம் அளந்தபோது ஷீட்டின் அடிப்பக்கம் 48. தலையில் கொட்டும் 200 வாட் 80 ஆனது. ஏசி இல்லாத நிலையில் கூரை வழியாக இறங்கும் மொத்தச் சூடு மூன்று கிலோவாட் அளவிலிருந்து ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது.

அடுத்தது கூரைக்குக் கீழே அலுமினியத் தாள். பபிள் ஷீட் என்று சுருளாக விற்கிறார்கள், நடுவே காற்றுக் குமிழ், இருபக்கமும் பளபளப்பு. இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: தாளை நேராக ஷீட்டோடு ஒட்டிவிடுகிறார்கள். பளபளப்பு வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்கு எதிரே காற்று இடைவெளி வேண்டும், ஓர் அங்குலமாவது. இல்லையேல் சூடு தொட்டுத் தொட்டே கீழே இறங்கிவிடும். ஷீட்டைத் தாங்கும் குறுக்குக் குழாய்களான பர்லின் பைப்புகளின் அடியில் ஜி.ஐ. கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, அதன் மேல் தாளை விரித்தோம். இடைவெளி தானாக அமைந்தது. மேல்முகத்தில் நாளடைவில் தூசி படிந்து மங்கும், அதைத் தடுக்க வழியில்லை. கீழ்முகம் சுத்தமாகவே இருக்கும். சூட்டைக் கீழே வீசாமல் பிடித்து வைக்க அந்த ஒரு முகம் போதும். மரத்தூள் பறக்கும் பட்டறையில் இது சௌகரியம்.

இதற்கு முன்பு உள்ளூர் ஃபால்ஸ் சீலிங் ஆள் ஒருவர் வந்து தெர்மோகோல் போடச் சொன்னார். விலையும் குறைவு, சூட்டையும் நன்றாகத் தடுக்கும். ஆனால் பொறி பட்டால் நொடியில் பிடித்து, உருகிச் சொட்டிக்கொண்டே, கரும்புகையோடு எரியும். தின்னரும் மரத்தூளும் இருக்கும் அறையின் தலைக்கு மேல் அதைத் தொங்கவிடச் சொன்னவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டோம். பபிள் ஷீட்டும் பிளாஸ்டிக்தான் என்பதால் கிரைண்டரும் வெல்டிங்கும் அன்றோடு சந்துக்குப் போய்விட்டன.

தெற்கு ஜன்னல்

யூடியூபில் பட்டறையைக் குளிர்விக்கும் வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருபவை. வடக்குப் பக்கம்தான் குளுமை, தெற்குப் பக்கத்தை மூடு என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. வேலூர் இருப்பது 13 டிகிரி அட்சரேகை. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் உச்சிக்கு நேர் மேலே வருகிறது; அதன் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நமக்கு வடக்கே போய்விடுகிறது. மே மாதம் முழுக்கத் தெற்குச் சுவரில் நேர் வெயில் விழாது. காலையும் மாலையும் வடக்குச் சுவர்தான் வெயில் வாங்கும். கத்திரி வெயிலில் நம் வீடுகளின் தென்புறச் சந்து நாயும் கோழியும் படுக்கும் இடமாக இருப்பது சும்மா இல்லை.

ஆகவே காற்று உள்ளே வர வேண்டிய இடம் தெற்குச் சுவரின் அடிப்பகுதி. எவ்வளவு பெரிய ஓட்டை? கூரை பழையபடியே இருந்திருந்தால், அந்த மூன்று கிலோவாட்டைக் காற்றாலேயே வெளியே தள்ள, உள்ளே ஐந்து டிகிரி ஏறுவதைப் பொறுத்துக்கொண்டாலும், மணிக்கு 1800 கன மீட்டர் காற்று வேண்டும். ஷெட்டின் கொள்ளளவு 46 கன மீட்டர். மணிக்கு நாற்பது முறை முழுக் காற்றையும் மாற்ற வேண்டும். கூரையைச் சரிசெய்யாமல் எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் மாட்டுபவர்கள் "காத்து வருது, ஆனா சூடு குறையலை" என்று சொல்வது இந்தக் கணக்கால்தான். பூச்சும் தாளும் ஆன பிறகு கூரைச் சூடு அரைக் கிலோவாட்டுக்குக் கீழே வந்துவிட்டது. இருந்தும் ஷட்டர், மோட்டார், வார்னிஷ் வாடை எல்லாவற்றையும் நினைத்துப் பழைய கணக்குக்கே வழிவிட்டோம்: தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் நான்கு சிமென்ட் ஜாலி, மொத்தம் ஏழு சதுர அடி. ஜாலியும் எலிவலையும் பாதியை விழுங்கிவிடும் என்பதைச் சேர்த்த அளவு அது.

வெளியே போகும் வழி கிழக்குச் சுவரில், வீட்டோர மூலையில், கூரைக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு மேலே: 12 அங்குல எக்ஸாஸ்ட். தெற்கே தரையில் நுழைந்து வடகிழக்கு உச்சியில் வெளியேறும்போது காற்று மேசையைக் குறுக்காகக் கடந்து போகிறது. எக்ஸாஸ்ட் போட்டுவிட்டு உள்ளே காற்று வர வழி வைக்காத பட்டறைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபேன் சத்தம் போட்டுக்கொண்டு சும்மா சுற்றும்.

இந்த ஃபேன் உண்மையில் அதிகம் உதவுவது இரவில். முன்பு ஷட்டரை மூடியதும் பகல் சூடு அப்படியே உள்ளே தங்கி, காலையில் திறந்தால் முகத்தில் அடிக்கும். இப்போது இரவு முழுக்க ஃபேன் ஓடுகிறது. விடியற்காலைக் காற்று சிமென்ட் தரையையும் வேலை மேசையையும் குளிர்த்துவிடுகிறது. காலை ஐந்தரைக்கு இறங்கினால் பத்து மணி வரை அந்தக் குளிர்ச்சி தாங்கும்.

மேற்கு ஷட்டர்

மத்தியானம் இரண்டு மணியிலிருந்து பொழுது சாயும் வரை அது நிமிர்ந்து நிற்கும் இன்னொரு கூரை. சுருளும் ஷட்டரில் பெயின்ட் நிற்காது, உரசி உரிந்துவிடும். மேலே சன்ஷேட் போட்டாலும் பயனில்லை. சாயங்கால வெயில் தாழ்ந்து அதன் அடியில் நுழைந்துவிடும். செங்குத்தாகத் தொங்கும் ஏதாவது வேண்டும். ஷட்டருக்கு ஓர் அடி முன்னால் பைப் மாட்டி மூங்கில் தட்டி தொங்கவிட்டோம், சுருட்டி ஏற்றிக்கொள்ளலாம். சித்தி அந்தப் பைப்பிலேயே பீர்க்கங்கொடியை ஏற்றிவிட்டார். தட்டியைவிடக் கொடிதான் நன்றாக வேலை செய்கிறது என்று அவர் சொல்வதை மறுக்க என்னிடம் அளவு இல்லை.

கூலர் விவகாரம்

ஏசி வேண்டாம் என்றதும் தம்பி ஒரு ஏர் கூலரை வாங்கி வந்து உள்ளே வைத்துவிட்டான். ஷட்டர் பாதி மூடி, ஜாலி இன்னும் வைக்காத காலம் அது. முதல் அரை மணி நேரம் சொர்க்கம். பிறகு புழுக்கம். இரண்டு வாரத்தில் உளிகளில் செம்பொட்டு, பிளைவுட்டின் ஓரம் உப்பிவிட்டது.

கூலரின் குற்றமில்லை. 40 டிகிரியும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள காட்பாடிக் காற்றை ஒரு நல்ல கூலர் 29 டிகிரி வரை இறக்கும். சென்னையில் 36 டிகிரி, 60 சதவீதம் என்றால் அதே கூலர் 31-க்குக் கீழே போகத் திணறும், வரும் காற்றும் ஈரத்தில் ஊறியிருக்கும். உள்நாட்டு வறண்ட வெயிலுக்குத்தான் இந்தச் சாதனம். ஆனால் ஒரே காற்றை மூடிய அறைக்குள் சுற்றவிட்டால் காட்பாடியும் சென்னையாகிவிடும். இப்போது கூலர் சந்தில், ஜாலிக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது. வறண்ட காற்றை இழுத்து உள்ளே தள்ள, எக்ஸாஸ்ட் அதை மேலே வாங்கிப் போடுகிறது. மர வேலை நாளில் சித்தப்பா அதை அணைத்துவிடுவார். மொபெட் வேலை நாளில் மட்டும் ஓடும். உளிகளுக்கு மெஷின் ஆயில் துணி.

தரையில் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தையும் நிறுத்தச் சொன்னேன். குளிர்ச்சிதான், ஆனால் ரம்பத்தின் வயர் கிடக்கும் தரை அது.

ஆள் மட்டுமா வாடுகிறான்

சாதாரண மோட்டார்கள் 40 டிகிரிச் சூழலைக் கணக்கில் வைத்துத்தான் செய்யப்படுகின்றன. 43-ல் முழுச் சுமை கொடுத்தால் சுருள் வழக்கத்தைவிடச் சூடாகி ஆயுள் குறையும். கம்பிரசர் மத்தியானத்தில் தானாக நின்றுபோவதும் இதனால் இருக்கலாம். கார்ட்லெஸ் டிரில்லின் லித்தியம் பேட்டரியை அந்தச் சூட்டில் சார்ஜ் போடக் கூடாது. இரவில் வீட்டுக்குள் போடுகிறார். பெட்ரோல் கேன், தின்னர், ஸ்பிரே டப்பா மூன்றும் ஷெட்டை விட்டே வெளியேறின. வார்னிஷ் அடிப்பது காலையில் மட்டும். மத்தியானம் அடித்தால் மேலே தோல் கட்டிக்கொண்டு கீழே கொப்புளம் விடுகிறது.

ஆளைப் பொறுத்தவரை, காற்றே 40-ஐத் தாண்டிவிட்டால் ஃபேன் உடம்பைக் குளிர்விப்பதற்குப் பதில் சூடேற்றத் தொடங்கும். அந்த நேரத்தில் எந்த ஏற்பாடும் ஷெட்டுக்குள் உட்காரச் சொல்லும் காரணமாகாது. சித்தப்பாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை உண்டு, வயது எழுபதை நெருங்குகிறது. பத்தரைக்கு நீர்மோர், பிறகு வீடு, ஐந்து மணிக்கு மறுபடி. பேச்சு குழறி, தடுமாறி, தோல் கொதித்தால் அது களைப்பு இல்லை. தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும் என்று சித்தியிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.

இப்போது

கத்திரி மத்தியானம் இரண்டு மணிக்கு மேசை உயரத்தில் 40, சில நாள் 41. வெளி நிழலுக்குச் சமம். தாளின் அடிப்பக்கம், டேப் ஒட்டி அளந்தது, 42. தலையில் கை வைத்தால் சுடுவதில்லை. காலையில் பத்தரை வரைக்கும் வேலை ஓடுகிறது, சாயங்காலமும் ஒரு மணி நேரம் கூடியிருக்கிறது. மத்தியான வேலை இன்னும் கிடையாது, அதை நாங்கள் குறி வைக்கவும் இல்லை. "வெயில் மண்டையைப் பொளக்கலடா, கன்னத்துல தட்டுது" என்கிறார்.

செலவில் பெரியது பெயின்ட், அடுத்தது ஜாலி வைத்த கொத்தனார் கூலி. இதே வேலையைப் புதிதாகத் தொடங்குபவருக்குக் கையில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், நான் பூச்சைத்தான் சொல்வேன். தாளும் ஜாலியும் அடுத்த வருடம் வரலாம்.

பூச்சை மே மாதத்தில் தொடங்கக் கூடாது. ஷீட் கொதிக்கும்போது ரோலரிலேயே பெயின்ட் காய்ந்து பிடிக்கும், ஏறும் ஆளுக்கும் ஆபத்து. தை, மாசியில், பனி காய்ந்த பிறகு காலையில் ஏற வேண்டும். ஷீட்டைப் பிடித்திருக்கும் கொக்கி போல்ட், அதாவது ஜே போல்ட், வரிசையாகத் தெரியும் இடத்துக்கு அடியில் பர்லின் இருக்கும், அந்த வரிசையில் மட்டும் கால் வைக்க வேண்டும். ஒரு மழைக்காலமும் மலைத் தூசியும் சேர்ந்து வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும், அதனால் ஒவ்வொரு மாசியிலும் சோப்புத் தண்ணீர் விட்டு நீளக்குச்சித் துடைப்பத்தால் கழுவுகிறார்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வரும்போது ஜாலி வழியாகச் சாரல் அடிக்கும். அதற்குத் தகரத் துண்டில் சரிவாக மூடி செய்து, கொக்கி வைத்து மாட்டும்படி அவரே அடித்து வைத்திருக்கிறார். எக்ஸாஸ்டின் இறக்கையில் மாதம் ஒருமுறை மரத்தூள் துடைக்க வேண்டியிருக்கிறது. அதை மட்டும் மறந்துவிடுகிறார்.